பெயர் போடாத பட்டறை

பாரிஸ் நகரத்துப் பழைய கட்டிடச் சுவர்களில், சுவரொட்டி ஒட்டுதல் கூடாது என்னும் எச்சரிக்கையும் அதனருகில் 1881 ஜூலை 29 என்னும் தேதியும் தீட்டப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். பத்திரிகைகளுக்குச் சுதந்திரம் வழங்கிய அதே சட்டந்தான் சுவர்களுக்கு வரம்பு கட்டியது. வெள்ளைத் தாளில் சுவரொட்டி அச்சிடும் உரிமை அரசாங்கத்துக்கு மாத்திரமே உண்டு, ஏனையோர் வண்ணத் தாளைத்தான் உபயோகிக்க வேண்டும் என்று அதில் ஒரு விதியும் இருந்தது. ஆளுவோரின் அறிவிப்பு எது, மற்றவருடைய அறிவிப்பு எது என்பது தூரத்திலேயே தெரிந்துவிட வேண்டும் என்பது அந்த விதியின் தாத்பரியம். 1968 ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் அந்த எச்சரிக்கையையும் தேதியையும் பொருட்படுத்தாமல், பத்திரிகை அச்சகங்களில் மிஞ்சிய வெளிறிய தாளில், பெரும்பாலும் ஒற்றை நிறத்தில் அச்சான சித்திரங்கள் இரவோடிரவாகப் பாரிஸ் நகரத்துச் சுவர்களில் ஏறின.

அவற்றில் ஓவியர் பெயர் கிடையாது. பலவற்றின் மூலையில் ஒரு சிறு முத்திரை மட்டும் இருந்தது. அத்தலியே பொப்புலேர், அதாவது மக்கள் பட்டறை, என்று அதில் பொறித்திருந்தது. பெயர் இல்லாததால் அவை பெயரறியாதவர்கள் வரைந்தவை என்று நினைத்துவிடக் கூடாது. அந்தப் பட்டறையில் மையும் தாளுமாக இரவு பகல் பாராமல் உழைத்தவர்களிடையே, ஓவிய உலகில் அப்போதே பிரசித்தி பெற்றிருந்தவர்கள் பலர் இருந்தார்கள். அவர்களுள் ஒருவரான அர்ஜென்டினாக்காரர் ஹூலியோ லெ பார்க், 2 ஆண்டுகளுக்கு முன்னர்தான் வெனிஸ் கலைக் கண்காட்சியில் ஓவியத்துக்குரிய பெரும் பரிசைப் பெற்றவர். பெயரைக் கொண்டே பிழைக்கும் ஒரு தொழிலில், பெயருள்ளவர்களே அதைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு கூட்டத்தின் தீர்ப்புக்குத் தலைவணங்கிய அந்தச் சில வாரங்களை, கலையின் சரித்திரத்தில் ஓர் அபூர்வமான பரீட்சை என்றே நான் கருதுகிறேன்.

அக்காலத்துப் பிரான்ஸ் வெளிப் பார்வைக்குச் செழிப்பான தேசம். யுத்த வீரரும் ஜனாதிபதியுமான டி கோல் பத்தாண்டுகளாக அதிகாரத்தில் இருந்தார். சர்வகலாசாலைகளில் மாணவர் கூட்டம் பெருகியது. தொழிற்சாலைகளில் உற்பத்தி பெருகியது. ஆனால் மாணவருக்கும் தொழிலாளிக்கும் தத்தம் இடங்களில் வாய்திறந்து பேசும் உரிமை மாத்திரம் பெருகவில்லை. மார்ச் மாதத்தில் நான்தேர் சர்வகலாசாலையில் மூண்ட கிளர்ச்சி, மே 3 ஆம் தேதி சோர்போன் முற்றத்தில் போலீசார் புகுந்ததும் நகரத்துக்குள் பரவியது. 10 ஆம் தேதி இரவு மாணவர்கள் வீதிக் கற்களைப் பெயர்த்து அரண் கட்டினார்கள். போலீசார் கண்ணீர்ப் புகையுடனும் தடியுடனும் வந்தார்கள். விடிந்தபோது எரிந்த மோட்டார் வண்டிகளைப் பார்த்த பாரிஸ் ஜனங்களின் அனுதாபம் மாணவர் பக்கம் சாய்ந்திருந்தது. 13 ஆம் தேதி தொழிற்சங்கங்கள் பொது வேலைநிறுத்தம் செய்தன. மறுநாள் முதல் தொழிலாளர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்சாலைகளைக் கைப்பற்றி உள்ளேயே தங்கினார்கள். மாதம் முடிவதற்குள் வேலைநிறுத்தத்தில் இறங்கியவர்களின் தொகை 70 லட்சத்திலிருந்து 1 கோடி வரை இருக்கும் என்று சரித்திராசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள்.

மே 14 ஆம் தேதி போனபார்த் வீதியிலிருந்த போஸார் என்னும் அரசாங்கக் கலாசாலையை அதன் மாணவர்கள் தம் வசப்படுத்தினார்கள். கலையைத் தனிமனிதனின் சாதனையாகப் பயிற்றுவிப்பதில் அதற்கு நிகரான ஸ்தாபனம் ஐரோப்பாவில் இல்லை எனலாம். அங்கு பயின்றவர்களின் உச்ச லட்சியம் ரோமாபுரிப் பரிசு. 17 ஆம் நூற்றாண்டிலிருந்து நடந்துவந்த அந்தப் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வந்தவர்கள் தனித்தனிச் சிற்றறைகளில் அடைபட்டு, ஒருவர் வரைவதை மற்றொருவர் காணாமல், வாரக்கணக்கில் படம் தீட்டுவார்கள். வென்றவர் அரசாங்கச் செலவில் ரோமாபுரிக்குச் சென்று சில ஆண்டுகள் தங்குவார். அத்தகைய கட்டிடத்துக்குள், யார் வரைந்தாலும் எல்லோரும் பார்த்து எல்லோரும் தீர்ப்புச் சொல்லும் ஒரு பட்டறை அமைந்தது.

முதற் சுவரொட்டி அன்றைய தினமே பிறந்தது. கலாசாலையின் கல்லச்சு இயந்திரத்தில், தொழிற்சாலைகளும் சர்வகலாசாலைகளும் ஒன்றுபடுக என்ற பொருளில் மூன்றே சொற்களை வைத்து, ஏறக்குறைய 30 பிரதிகள் எடுத்தார்கள். அவற்றை ஒரு கலைக்கூடத்தில் விற்று மாணவர் இயக்கத்துக்கு நிதி சேர்ப்பது என்பதுதான் முதல் யோசனை. ஆனால் பிரதிகளை எடுத்துக்கொண்டு வீதிக்கு வந்த சில அடிகளுக்குள்ளாகவே மாணவர்கள் அவற்றைப் பிடுங்கிச் சுவரில் ஒட்டிவிட்டார்கள் என்று ஓவியர் ஜெரார் ஃப்ரொமாஞ்சே பிற்காலத்தில் சிரிப்போடு சொல்வது வழக்கமாக இருந்தது. பட்டறையின் கொள்கையை ஒருவரும் உட்கார்ந்து எழுதவில்லை. பிரதிகளைப் பறித்த கைகள் அதை நிர்ணயித்துவிட்டன.

கல்லச்சு மெதுவானது. ஒவ்வொரு தாளுக்கும் கல்லை நனைத்து, மையிட்டு, அழுத்தி எடுக்க வேண்டும். நாட்டின் நிலைமையோ மணிக்கு மணி மாறிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் கீ த ரூஜ்மோன் என்னும் ஓவியரும் எரிக் செய்தூ என்னும் அச்சுக் கலைஞரும் சில்க் ஸ்கிரீன் முறையைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். நம் ஊர்களில் ஒரு சிற்றறையில் கல்யாணப் பத்திரிகையும் விசிட்டிங் கார்டும் அடித்துக் கொடுப்பவர்கள் கையாளும் அதே முறைதான். ஆனால் அன்றைய பிரெஞ்சுக் கலாசாலைகளில் அதை அறிந்தவர்கள் மிகச் சிலர். ஒரு மரச் சட்டத்தில் மெல்லிய துணியை இழுத்துக் கட்டி, மை புக வேண்டாத இடங்களைப் பூச்சால் அடைத்துவிட்டு, சட்டத்தைத் தாளின் மேல் வைத்து, ரப்பர் விளிம்பு பதித்த கட்டையால் மையை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே இழுப்பாக இழுத்தால், சித்திரம் தாளில் இறங்கிவிடும். இயந்திரமும் மின்சாரமும் வேண்டியதில்லை. அரை மணியில் கற்றுக்கொண்டு ஒரு தபால் ஊழியரோ பள்ளி மாணவியோ அந்த வேலையைச் செய்யலாம். ஒருவர் தாள் வைக்க, ஒருவர் மை இழுக்க, ஒருவர் ஈரத்தாளை எடுத்துக் கொடியில் தொங்கவிட, நூற்றாண்டுகளாகச் சிலைகளின் பிரதிகளைப் பார்த்துக் கோட்டோவியம் பழகிய அந்தக் கூடங்களில் வரிசை வரிசையாகச் சிவப்பும் கறுப்புமான தாள்கள் உலர்ந்தன. வேலைநிறுத்தம் செய்திருந்த அச்சகங்களிலிருந்து, சுற்றித் தீர்ந்த தாளுருளைகளின் கடைசிச் சுற்றுகள் நன்கொடையாக வந்தன. அந்தச் சித்திரங்களில் நிழலும் நுணுக்கமும் இல்லாமல் திண்ணிய உருவங்களும் பெரிய எழுத்துக்களுமே இருப்பதற்குப் பாதிக் காரணம் இந்த முறைதான். ஓவியர்களின் ரசனை மீதிக் காரணம்.

இனிச் சபையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டறையின் உயிர் அதில்தான் இருந்தது. நாள்தோறும் பொதுச் சபை கூடும். ஓவியர், மாணவர், வேலைநிறுத்தத்தில் இருந்த தொழிலாளர், வழிப்போக்கராக வந்து தங்கிவிட்டவர் என்று யாரும் அதில் உட்காரலாம். முதலில் அன்றைய அரசியல் நிலைமையைப் பற்றிய விவாதம். அதிலிருந்து எதைச் சுவரில் சொல்ல வேண்டும் என்ற முடிவு. பிறகு வரைந்து வந்த மாதிரிகளைப் பார்வைக்கு வைத்தல். ஒவ்வொரு மாதிரியையும் பற்றி இரண்டு கேள்விகள் கேட்கப்படும். இதிலுள்ள அரசியல் கருத்து நியாயமானதா? இந்தச் சுவரொட்டி அந்தக் கருத்தை நன்றாகத் தெரிவிக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்ற பதில் கிடைத்தால் அச்சுக்குப் போகும். இல்லையென்றால் வரைந்தவர் எவ்வளவு பெரியவராயினும் மாதிரி திரும்பிவரும், அல்லது சபையாரின் யோசனைப்படி சொல்லும் கோடும் மாற்றப்படும். அழகாக இருக்கிறதா என்ற கேள்வி அந்தப் பட்டியலில் கிடையாது. நம் பத்திரிகைக் காரியாலயங்களில் கட்டுரைகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அச்சுக்கோப்பவரிடமும் கட்டுக்கட்டுபவரிடமும் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கிறேன். இந்தக் கட்டுரை அங்கே தேறியிருக்குமா என்பது சந்தேகந்தான்.

இத்தகைய கூட்டு உழைப்பு திடீரென்று வானத்திலிருந்து இறங்கியதன்று. மெக்ஸிகோவில் 1937 ஆம் ஆண்டு லியோபோல்தோ மெந்தெஸ் முதலானோர் நிறுவிய மக்கள் சித்திரப் பட்டறையில், ஒருவர் செதுக்கிய அச்சைப் பலர் கூடி விமர்சித்துத் திருத்தும் வழக்கம் முன்பே இருந்தது. பாரிஸிலேயே 1965 ஆம் ஆண்டில், பிராங்கோவின் ஸ்பெயினை விட்டு வந்திருந்த எதுவார்தோ அரோயோவும், ஜில் அயோவும், இத்தாலியரான அந்தோனியோ ரெகல்காத்தியும் மூவரும் சேர்ந்து 8 ஓவியங்கள் கொண்ட ஒரு தொடரைத் தீட்டி, நவீன கலையின் குலதெய்வமாகப் போற்றப்பட்ட மார்செல் துஷானைத் தாங்களே கொன்று புதைப்பதாக அதில் சித்திரித்தார்கள். கலைஞன் என்ற தனிமனிதனின் மகிமையைத் தாக்குவதே அவர்களுடைய நோக்கம், கலையுலகம் கொதித்தது. அரோயோவும் அயோவும் 3 ஆண்டுகளுக்குப் பின் மக்கள் பட்டறையில் மை இழுத்தார்கள் என்பதில் வியப்பில்லை.

சபையின் வேலை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரே ஒரு சுவரொட்டியை அருகில் வைத்துப் பார்க்கலாம். மாணவர் தலைவர்களுள் மிகவும் பேசப்பட்ட டேனியல் கோன்-பென்டிட், ஜெர்மானிய யூதப் பெற்றோருக்குப் பிரான்ஸில் பிறந்தவர். அவரை ஜெர்மன் அராஜகவாதி என்று கம்யூனிஸ்டுத் தலைவர் ஒருவரே பத்திரிகையில் இகழ்ந்தெழுதினார். மே மாதக் கடைசி வாரங்களில் அரசாங்கம் அவர் நாட்டுக்குள் திரும்பி வருவதற்குத் தடை விதித்தது. உடனே வீதிகளில் ஆயிரக்கணக்கானோர், நாங்கள் எல்லோரும் ஜெர்மன் யூதர்களே என்று முழங்கினார்கள். ஓவியர் பெர்னார் ரான்சியாக் ஒரு செய்திப் படத்தை ஆதாரமாகக் கொண்டு, தலைக்கவசம் அணிந்த போலீஸ்காரன் எதிரே நிற்க, கோன்-பென்டிட் அவன் முகத்துக்கு நேராகக் குறும்புச் சிரிப்புச் சிரிக்கும் காட்சியை வரைந்து, கீழே யூதர்களையும் ஜெர்மானியர்களையும் குறித்த அந்த முழக்கத்தையே எழுதிக் கொண்டுவந்தார். சபை படத்தை ஏற்றது, வாசகத்தை மாற்றியது. நாம் எல்லோரும் வேண்டாதவர்களே என்பது புதிய வாசகம். ஒரு மனிதரைப் பற்றிய முழக்கம், வெளிநாட்டிலிருந்து கூலிக்கு வந்தவர், வேலையற்றவர், விலக்கப்பட்டவர் யாவரையும் தழுவும் வாசகமாக விரிந்தது என்று சபையின் தீர்ப்பைப் புகழ்வோர் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. பிரான்ஸ் மண்ணிலிருந்து யூதர்களை ரயிலேற்றி அனுப்பி ஒரு தலைமுறைகூடக் கழியாத காலத்தில், பிரெஞ்சு இளைஞர்கள் தங்களை ஜெர்மன் யூதர்கள் என்று சொல்லிக்கொண்டதில் இருந்த சூடு, வேண்டாதவர்கள் என்ற சொல்லில் ஆறிவிட்டது. பலர் கூடித் திருத்தும்போது வாசகம் அகலுகிறது. சில வேளை முனையும் மழுங்குகிறது. இரண்டு வாசகங்களோடும் பிரதிகள் அச்சாயின என்பதைப் பார்த்தால், பட்டறைக்குள்ளேயே என் கட்சிக்காரர்கள் சிலர் இருந்திருக்கிறார்கள் போலும்.

வேறு சில சுவரொட்டிகளில் சபையின் தீர்ப்பு பிசகவே இல்லை. வானொலியும் தொலைக்காட்சியும் அரசாங்கத்தின் கையில் இருந்தன; வீதியில் நடந்தது வீட்டுத் திரையில் தெரியவில்லை. அதைச் சொல்ல ஒரு சுவரொட்டி செய்தார்கள்: செய்தி வாசிப்பவர் உட்கார வேண்டிய இடத்தில், தலைக்கவசமும் கண்ணாடியும் அணிந்த போலீஸ்காரன் மைக்கின் முன்னே இருக்கிறான், தினந்தோறும் இரவு 8 மணிக்குப் போலீஸ் உங்களோடு பேசுகிறது என்பது வாசகம். மற்றொன்றில், தலை முழுவதும் கட்டுத்துணி சுற்றி, கண்கள் மாத்திரம் வெளியே தெரிய, வாயின் மேல் கட்டு அவிழாதபடி ஓர் ஊக்குக் குத்தியிருக்கிறது. எதிர்காலம் அடிக்கடி கலங்கவைக்கும் இளமை என்று அதற்கு வாசகம். அடிபட்டவனுக்கு வைத்தியர் போட்ட கட்டா, பேசாதிருக்க அதிகாரி போட்ட கட்டா என்று பார்ப்பவர் ஒரு கணம் மயங்குவார். அந்த மயக்கத்தை உண்டாக்குவதற்கு அந்த ஒற்றை ஊக்கே போதுமாயிருந்தது. டி கோல் கிளர்ச்சியைக் கூத்தடிப்பு என்று ஏளனமாகச் சொன்னபோது, அவருடைய நீண்ட மூக்கும் தொப்பியும் தூக்கிய கைகளுமாக ஒரு நிழலுருவத்தைப் பொம்மலாட்டப் பொம்மை மாதிரி வரைந்து, கூத்தடிப்பவர் அவரேதான் என்று பதில் ஒட்டினார்கள்.

தபால் ஊழியர், மோட்டார்த் தொழிலாளர் என்று வேலைநிறுத்தக் குழுக்கள் வந்து தங்களுக்கென்று சுவரொட்டி கேட்டன. கேட்டவர்கள் சும்மா காத்திருக்கவில்லை. தங்கள் தொழிற்சாலையில் நடப்பதைச் சபையில் எடுத்துரைத்து, அச்சடிக்கும் மரச் சட்டத்தின் முன்னும் நின்றார்கள். பிரெஞ்சுத் தொழிலாளரும் குடியேறிய தொழிலாளரும் ஒன்றுபடுக என்ற சுவரொட்டியும் இப்படித்தான் வந்தது. இரவில் சிறு சிறு குழுக்கள் பசை வாளியும் பிரஷுமாகப் புறப்பட்டன. பிடிபட்டால் அடியும் சிறையும் நிச்சயம். ஜூன் முதல் வாரத்தில் பாரிஸுக்கு வெளியே ஃப்ளான் என்னுமிடத்திலிருந்த ரெனோ மோட்டார்த் தொழிற்சாலையைப் போலீசார் மீட்டபோது, தொழிலாளருக்குத் துணையாகப் போனவர்களோடு லெ பார்க்கும் பிடிபட்டு நாடு கடத்தப்பட்டார். சக கலைஞர்களின் ஆட்சேபத்தின்மேல் சில மாதங்கள் கழித்தே திரும்பி வர முடிந்தது. அதே ஃப்ளானில், ஜூன் 10 ஆம் தேதி, போலீசார் துரத்தியபோது 17 வயதுப் பள்ளி மாணவர் ஒருவர் சேன் நதியில் மூழ்கி இறந்தார்.

இவர்களுடைய துணிச்சலை மெச்சும்போது ஒரு குறையையும் சொல்லாமல் விடக் கூடாது. அம்மாதங்களில் ஒட்டப்பட்ட சுவரொட்டிகளில் சில, கலகம் அடக்கும் போலீஸ் படையை ஹிட்லரின் எஸ்.எஸ். படையோடு சமமாக்கின, ஒன்றில் ஹிட்லரே டி கோலின் முகமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஹிட்லரை எதிர்த்து நாடு கடந்து போராடிய ஒருவரைப் பற்றி, அந்தப் போரில் உற்றாரை இழந்த ஜனங்கள் நடமாடும் வீதியில், இப்படி ஒட்டியது அநியாயம். போலீசாரின் தடியடி உண்மை. அதைச் சொல்ல ஹிட்லரை அழைத்திருக்க வேண்டியதில்லை. கோபத்தில் எல்லோருடைய கையும் ஒருமிக்க உயரும்போது, முதற் கேள்வியை நிதானமாகக் கேட்பதற்கு ஒருவரும் இல்லாமல் போய்விடுகிறது.

காற்று மே மாதக் கடைசியிலேயே திரும்பிவிட்டது. குறைந்தபட்சக் கூலியை நூற்றுக்கு 35 வீதம் உயர்த்தும் உடன்படிக்கை பேசப்பட்டது. 30 ஆம் தேதி டி கோல் வானொலியில் பேசிச் சட்டசபையைக் கலைத்தார். அன்று மாலையே அவருடைய ஆதரவாளர் லட்சக்கணக்கில் திரண்டார்கள். தொழிலாளர் படிப்படியாக வேலைக்குத் திரும்ப, பட்டறை ஓர் ஆட்டு மந்தையை அச்சிட்டு, சகஜ நிலை திரும்புகிறது என்று கீழே எழுதியது. பட்டறையின் கோபம் மாத்திரமன்றி, ஜனங்களின் மேல் அதற்கிருந்த மனக்கசப்பும் அதில் தெரிகிறது. ஜூன் மாதத்தில் இரண்டு சுற்றுகளாக நடந்த தேர்தலில் டி கோல் கட்சியார் பெருவாரியான இடங்களை வென்றார்கள். அந்தச் சுற்றுகளுக்கு நடுவே, 27 ஆம் தேதி, போலீசார் கலாசாலைக்குள் புகுந்து பட்டறையைக் காலி செய்தார்கள். ஆறு வாரங்களுக்கும் சற்று அதிகமாக அது நடந்திருக்கிறது. அதற்குள் வெளியான சித்திரங்கள் சில நூறு வகை. தேர்தலில் தோற்றாலும் ஒரு பழைய கோட்டை விழவே செய்தது: அந்த ஆண்டோடு ரோமாபுரிப் பரிசுப் போட்டி ரத்தாயிற்று.

முறை மாத்திரம் எல்லை கடந்து சென்றது. லண்டனில் கேம்டன் வீதியில் அதே ஆண்டு தொடங்கிய ஒரு சுவரொட்டிப் பட்டறை 1971 வரை, கேட்டவர்க்கெல்லாம் அச்சிட்டுக் கொடுத்தது. 1970 ஆம் ஆண்டு அமெரிக்கச் சேனை கம்போடியாவுக்குள் புகுந்தபோது, பெர்க்லி சர்வகலாசாலை மாணவர்கள் கம்ப்யூட்டரில் ஒருபுறம் அச்சாகிக் கழிந்த தாளின் மறுபுறத்தில் யுத்த எதிர்ப்புச் சித்திரங்களை அச்சிட்டார்கள். அவற்றில் சிலவற்றைத் திருப்பினால் இன்னும் அந்தக் கணக்கு எண்கள் தெரியும்.

பட்டறைக்காரர்கள் பிரிவதற்கு முன் ஒரு விஷயத்தைத் திட்டவட்டமாகச் சொல்லியிருந்தார்கள். இவை போராட்டத்தின் ஆயுதங்கள். இவற்றின் இடம் வீதியும் தொழிற்சாலைச் சுவருமே. அலங்காரத்துக்காக மாட்டுவதும், கலைப் பொருளாகக் காட்சிக்கு வைப்பதும், அந்தக் காலத்தின் அத்தாட்சி என்று சேகரிப்பதுங்கூட அவற்றுக்குச் செய்யும் துரோகம் என்பது அவர்களுடைய தீர்மானம். அந்தத் தீர்மானத்தை உலகம் மதிக்கவில்லை. பாரிஸ் தேசிய நூலகத்திலும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்திலும் அவை பத்திரமாக இருக்கின்றன. ஏலக் கடைகளில் நல்ல விலைக்குப் போகின்றன. பிற்கால மறுபதிப்புகளும் அசல் என்ற பெயரில் உலவுகின்றன. ஏலத்தில் எடுத்து வரவேற்பறையில் மாட்டுபவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் பத்திரிகைத் தாள் மழைக்கு ஒரு வாரம் தாங்காது. ஒட்டிய பசை காய்வதற்குள் சிலர் உரித்தெடுத்துச் சுருட்டி வைத்ததாலும், நூலகப் பணியாளர்கள் கேட்டு வாங்கிச் சேர்த்ததாலுந்தான் இன்று நாம் அவற்றைப் பார்க்கிறோம். அந்த ஒரு விஷயத்தில் சபையின் தீர்மானம் தவறு. அதை மீறியவர்கள் செய்ததே சரி.